பால் போல ஓடிய தூக்க மருந்து

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். கொழுந்து பறிக்கப் போய் நனைந்த என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, மூச்சுவிட முடியாமல் போனது. டவுன் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துத் தொண்டையில் குழாய் போட்டார்கள். அந்த வேதனை தெரியாமலிருக்க, நரம்பு வழியே தூக்க மருந்து ஓடியது. பால் மாதிரி வெள்ளை. முருகனுக்கு ஊற்றும் பாலாகவே அதை நினைத்து, "அப்பனே, அவள் நோவு தெரியாமல் தூங்கட்டும்" என்று வேண்டினேன்.

"விடுங்க மச்சான், அக்கா இப்பதான் நிம்மதியா தூங்குது. வீட்டுல நீங்க எங்க தூங்க விட்டீங்க?" என்று மச்சினன் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

சில நாளில், நாங்கள் பார்க்கப் போன நேரம் மெஷின் கத்தியது. நர்ஸ்மார் ஓடிவந்து எங்களை வெளியே அனுப்பினார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். திரையில் இதயத் துடிப்பு விட்டு விட்டு ஓடியது. மனப்பாடமான முருகன் பாட்டு ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"அந்தத் தூக்க மருந்துதான் இதயத்தைத் தாக்குது ஐயா. வலு அரிதா, சில பேருக்கு இப்பிடி வரும். நிப்பாட்டிப் போட்டம். வேற மருந்து கொஞ்சமாத்தான் குடுக்கிறம். முழிச்சால் குழாயை இழுக்கப் பார்ப்பா. நீங்கள் பக்கத்தில நிண்டு கதையுங்கோ."

"அவளுக்கு நோகுமேங்கய்யா?"

"நோகும்தான். ஆனா உயிர் இருக்கோணுமே."

உள்ளே போனேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குத் தினமும் அவள்தான் என்னை எழுப்புவாள். நான் அவளை எழுப்பியதே இல்லை. "பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள, எந்திரி. கொழாய மட்டும் இழுத்துறாத" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் பிடியில் அவள் கை ஐஸாகக் கிடந்தது. வெகுநேரம் கழித்து நெற்றி சுருங்கியது. கண் திறந்து, வேதனையில் கண்ணீர் வழிய, என் விரலை நசுக்கினாள். அந்தக் கண்ணீரைப் பார்த்து முருகனுக்கு நன்றி சொன்ன பாவி நான்.

துடிப்பு சீராக இன்னும் சில நாள் ஆனது. அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இப்போது குணமாகி வீட்டில் இருக்கிறாள். பகலில் அவள் அசையாமல் கண்ணயர்ந்தால் இன்றும் பக்கத்தில் போய் உட்காருவேன். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். "செத்தா போயிட்டேன்? போய் வேலையப் பாருங்க" என்று விழித்துத் திட்டுவாள். அந்தத் திட்டை ஒரு தரம் கேட்பதற்கு எத்தனை கோயில் படி ஏறினாலும் தகும் என்றே நினைக்கிறேன்.