லால்குடி என்று எழுதிய வாரம்

நாவல் எழுதுகிறேன் என்றால் ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. எழுதவும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் தொண்டை வற்றக் கத்துவதெல்லாம் இதைத்தான்: வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணை உடனே சென்னைக்கு பஸ் ஏற்றிவிடாதீர்கள். கையில் காசில்லை, இடுப்பில் குழந்தை. அவள் இடத்தில் நின்று யோசியுங்கள்.

அப்படி யோசித்துத்தான், ஒரு வார இதழில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதையின் நாயகியை லால்குடிக்கு அனுப்பினேன். சொந்தபந்தம் இல்லாத ஊர். பக்கத்திலேயே இருப்பதால் யாருக்கும் தேடத் தோன்றாது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் அவளுக்கு ஒற்றை அறை பார்த்துக் கொடுத்தேன்.

அந்த அத்தியாயம் வருவதற்கு முந்தைய வாரம், எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். கதைக்கு அடியில் என் எண்ணைப் போடுவது அந்த இதழின் வழக்கம். குரலில் அவ்வளவு பணிவு.

"மேடம், உங்க கதைய என் வொய்ஃப் ஒரு வாரம் விடாம படிப்பா. இப்ப குழந்தையத் தூக்கிட்டு எங்கயோ போயிட்டா. கதையில அந்தப் பொண்ணு அடுத்து எங்க போறா, சொல்லுங்களேன்."

என் நாயகி அடி தாங்காமல் ஓடியவள்.

"சென்னைக்குங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "சென்னைக்கு அனுப்பாதீங்கன்னு யூடியூப்ல உங்க கிளாஸ் வீடியோவுல நீங்கதானே மேடம் சொல்றீங்க? பரவால்லங்க, வியாழக்கிழமை புக் வந்துரும்ல."

இதழாசிரியரைக் கூப்பிட்டு, ஊர்ப் பெயரையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

"அச்சாகி பார்சலே போயிடுச்சும்மா. கதைதானே, எதுக்கு இப்படிப் பதறுறீங்க?" என்றார். அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதையே சொல்லித்தான் நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். கதைதானே. அந்தப் பெண் வேறு எங்கோ பத்திரமாக இருப்பாள்.

வியாழக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய அத்தனை பிரதிகளையும் வாங்கினேன். ஊரில் வேறு கடையே இல்லை பாருங்கள்! கடைக்காரர், சொந்தக் கதையைத் தானே வாங்கிக் குவிக்கும் எழுத்தாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் தணிந்த குரலில் பேசினாள். பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, ஸ்டேஷன் வாசல்ல அவர் நிக்கிறாரும்மா. யாரும் தேட மாட்டாங்கன்னுதான் நானும் இங்க வந்தேன். லால்குடின்னு ஏம்மா எழுதுனீங்க?"