ஒரு தையல் தள்ளிப்போன அடுக்கு

பாங் மிரானுக்கு வயது நாற்பத்தொன்று. அதில் பதினோரு வருஷத்தை தேஜான் ஆய்வுக்கூடத்தின் ஒரே நாற்காலியில் தேய்த்திருந்தாள். செல்லின் சவ்வில் ஊசிநூல் மாதிரி ஏழு முறை குத்தி ஏறி இறங்கும் புரதங்கள் உண்டு; ஒவ்வொரு குத்தும் ஒரு தையல். ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதிய அவற்றின் வரிசைகளைக் கணினி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். சவ்வுக்குள் கிடக்கும் துண்டுகள் எல்லாமே ஒரே மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு எழுத்துகள். அதனால் எது எந்தத் தையல் என்று தெரியாமல் கணினி முழிக்கும். மிரான்தான் கண்ணால் பார்த்து, மூன்றாம் தையலுக்கு நேர்கீழே மூன்றாம் தையல் வரும்படி நகர்த்தி வைப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொன்னது.

போன வசந்தத்தில் அங்கே படிக்கும் கீவான் அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்தப் பன்னெண்டு வரிசைல முதல் தையல்னு வச்சிருக்கீங்களே, அது தலைத்துண்டு மாதிரி இல்ல? புரதம் போய்ச் சேர்ந்ததும் செல் வெட்டிப் போடுமே, அது?"

"ஏண்டா, உனக்குப் பால்பல்லு விழுந்திருச்சா?"

அறையே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். கோப்பு சேமிப்பது அவன் வேலை; அந்த அடுக்கை அப்படியே தன் பேரில் சேமித்தான்.

அந்த அடுக்கை வைத்து எழுதிய கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. வழக்கப்படி மிரான் மாடி முழுக்க அரிசிக் கேக் கொடுத்தாள். மறுநாள் கூட்டத்தில் மிச்சத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் யோம் கடிதத்தோடு வந்தார். பூசான் ஆய்வுக்கூடத்தில் அந்தப் புரதங்களைச் சோதித்தவர்கள் எழுதியிருந்தார்கள்: பன்னிரண்டு புரதத்திலும் எல்லாத் தையலும் ஒன்று தள்ளி நிற்கிறது, கடைசித் தையல் இடமில்லாமல் வெளியே தொங்குகிறது.

"கீவான்! கோப்புல உன் பேருதானே? கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியா?"

"தப்புதான் சார்."

அரிசிக் கேக்கில் ஒரு சௌகரியம், வாயில் ஒட்டிக்கொள்ளும். மிரான் மென்றாள். கேக் தீர்ந்த பிறகும் மென்றாள்.

"அடுத்த வருஷ உதவித்தொகைக்கு உன் பேரை எழுதணுமான்னே யோசிக்கிறேன்," என்றார் யோம்.

"சார்," என்றாள் மிரான். "அதை வச்சது நான். இவன் அன்னிக்கே கேட்டான். எல்லார் முன்னாடியும் கேலி பண்ணி வாயை அடைச்சேன்."

யோம் திட்டவில்லை. "பத்திரிகைக்குத் திருத்தத்தை நீங்களே எழுதிடுங்க," என்றார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக 'நீங்க'. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

நடையில் கீவானைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கடா."

"சொன்னீங்களே, அது போதும்க்கா. ஆனா வெறும் வாயை ரொம்ப நேரம் மென்னீங்க. பார்த்துட்டேன்."

மிரான் அவன் செருப்பைப் பார்த்தபடியே நின்றாள். "பன்னெண்டையும் நீயே அடுக்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கலாமா?"

அவன் யோசித்தான்.

"நாளைக்குச் சொல்றேன்க்கா."