செவ்வாய், வெள்ளி சாணி கிடையாது

மம்சாபுரத்தில் எங்கள் தெருக் கடைசியில் எட்டு வீடுகளுக்கு ஒரே ஓட்டுக்கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே முகடு வரைக்கும் திறந்த வெளிதான். யார் வீட்டில் கருவாடு பொரித்தாலும் எட்டு வீட்டுக்கும் தெரியும். யார் அடுப்பு புகைந்தாலும் எட்டு வீட்டுக்கும் கண் எரியும். மூன்றாவது வீடு என்னுடையது. நாலாவது வீட்டுக்காரர்தான் வேதமாணிக்கம் அண்ணாச்சி. அவரைப் பற்றிச் சொல்ல இந்த அழகுத்தாய்க்குத் தகுதி உண்டா என்று கேட்டால், அரைத் தகுதிதான். அவருக்கு நான் செய்த கெடுதலையும் மறைக்காமல் சொல்லிவிட்டால் மீதி அரையும் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நாசரேத் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. எண்பதாம் வருஷம் ஜெயபாயைக் கல்யாணம் முடித்துக் கூட்டிவந்தார். வேதக்கார வீடு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வெள்ளை உடுத்தி ஆராதனைக்குப் போவார்கள். கோபம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். நான் நாள் முழுக்கக் கத்துகிறவள். அப்படிப்பட்ட சாதுக்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இவர்மேல் மட்டும் ஏனோ வரவில்லை.

ஜெயபாய்க்கு இழுப்பு. சின்ன வயதிலிருந்தே உண்டாம். எங்கள் வரிசைக்கு வந்தபிறகு முற்றிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். குழாயடியில் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் வைக்கிற வரைக்கும் அடுத்த வார்த்தை வராது. எனக்குப் பொறுமை ஏது? மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன், பாதி நேரம் தப்பாக. அவள் சிரிப்பாள். சிரித்தாலும் இழுக்கும். மில்லின் பஞ்சுத்தூசி அவளுக்கு ஆகாது என்று, அண்ணாச்சி வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வாசற்படி ஏறுவார். மார்கழிக் குளிரானாலும் அப்படித்தான்.

எண்பத்தாறில் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விறகுப் புகை இனி ஆகவே ஆகாது. இந்தப் புகையிலேயே இருந்தால் இரண்டு வருஷம்கூடத் தாங்கமாட்டாள் என்று. சிலிண்டருக்குப் பதிந்துவைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது, அது வருகிற வழியாகக் காணோம். ரேஷன் மண்ணெண்ணெயில் ஸ்டவ்வைப் பற்றவைத்து அண்ணாச்சியே சமைத்துப் பார்த்தார். என்ன பிரயோசனம்? அவர் அடுப்பு புகையாவிட்டால் மற்ற ஏழு அடுப்பும் புகையாதா? சுவருக்கு மேலே சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார். ஓட்டுக்கூரை வெக்கையில் அவளுக்கு இன்னும் மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு வீட்டுக்காரர்களையும் வாசலில் கூட்டினார். சாண எரிவாயுக் கிடங்கு கட்ட யூனியன் ஆபீசில் மானியம் தருகிறார்களாம். எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று கட்டலாம், பின்பக்கப் புறம்போக்கில் இடம் கிடக்கிறது. வீட்டுக்கு வீடு பைப் வரும். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அடுப்பு எரியும். கிடங்கிலிருந்து வழிகிற சாணி அவரவர் வயலுக்கு உரமாகத் திரும்பிவரும். இதையெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் உள்ளதைச் சொன்னார்.

"எனக்கு மாடு கெடையாது, எங்கிட்ட சாணியும் கெடையாது. அவ மூச்சுக்காகத்தான் ஒங்க எல்லார்ட்டயும் கேக்கேன். தெனமும் கரைக்கது, ஊத்துறது அம்புட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

ஆறு வீட்டில் மாடு உண்டு; மொத்தம் பத்தொன்பது உருப்படி. அதில் நாலு என்னுடையவை. என் வறட்டி போகிறதே என்று ஒரு நிமிஷம் மனசு இழுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தூண் மறைவில் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஜெயபாய். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆண்கள் குழி வெட்டினார்கள், கொத்தனார் உறை கட்டினார். மேலே மிதக்கிற இரும்பு டிரம்மை அண்ணாச்சி மில்லுக்கு லீவு போட்டுத் தானே வெல்டிங் வைத்தார். சேர்த்துவைத்த சாணியை எல்லாம் கொட்டிக் கரைத்து மாதக் கணக்கில் காத்திருந்தோம். எண்பத்தேழு ஆவணியில் டிரம் மெல்ல எழும்பியது. முதல் வீட்டுப் பெத்தம்மாக்கா நாறும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது, வாடையும் இல்லை, புகையும் இல்லை. அன்றைக்குக் காலையில் ஜெயபாய் தன் அடுப்படியில் தானே உட்கார்ந்து காப்பி போட்டாள். எட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு தம்ளர்.

புரட்டாசி பாதியிலேயே டிரம் இறங்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் உலை கொதிப்பதற்குள் தீ அவிந்துவிடும். அண்ணாச்சி பைப் மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார். எங்கேயும் ஒழுகவில்லை. எப்படி ஒழுகும்? காரணம் எனக்குத் தெரியும், அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் வீட்டுச் சாணியை வெளியே கொடுக்கமாட்டோம். கொடுத்தால் லெட்சுமி படி இறங்கிவிடுவாள். ஏழு நாள் சாணி என்று அவர் போட்டுவைத்த திட்டத்துக்கு ஐந்து நாள் சாணிதான் போனது.

அந்த நாட்களில் கூடையோடு வந்து நிற்பார். மாடு விடிகாலையிலேயே மேய்ச்சலுக்குப் போய்விட்டது என்பேன். அடுத்த வாரம் மாட்டுக்குக் கழிச்சல் என்பேன். ஆளாளுக்கு ஒரு பொய். இரவல் சாணி, அதட்டியா கேட்பார்? வெறுங்கூடையோடு போய்விடுவார். வேதக்காரரிடம் லெட்சுமி கதையை எப்படிச் சொல்வது என்று எங்களுக்குக் கூச்சம். என் பெண்டாட்டி மூச்சைவிட இதுதான் பெரிசா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எங்கே போய் முகத்தை வைப்பது? அவர் கேட்கிறவர் இல்லை என்பது தெரிந்தும் பயந்தோம்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கேஸ் சுத்தமாக நின்றுவிட்டது. மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையை வேகவைக்க வேண்டும். மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்து ஊதினேன். எனக்குப் பின்னாலேயே மற்ற வீடுகளிலும் பற்றவைத்தார்கள். செத்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜெயபாய் தரையில் கையை ஊன்றி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். காற்று உள்ளே போகவில்லை. நல்ல வேளையாகப் பால் வேன் வந்து நின்றது. கேன்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வழி நெடுக ஆண்டாளையும் கூப்பிட்டேன், அவள் கும்பிடுகிற ஏசுவையும் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். சேதி போய் அண்ணாச்சி மில்லிலிருந்து நேரே வந்துவிட்டார். தலையிலும் மீசையிலும் பஞ்சு. வார்டு வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரவில்லை. குளிக்கவில்லையே, எப்படி வருவார்? கதவு ஓரம் நின்று தலையை மட்டும் நீட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு உடைந்துவிட்டது. வெளியே போய் அவர் முன்னால் நின்றேன்.

பைப்பில் எங்கே தப்பு விட்டேன் என்றே தெரியவில்லை என்று என்னிடம் புலம்பினார். தப்பு பைப்பில் இல்லை என்று ஆரம்பித்து, செவ்வாய், வெள்ளி, லெட்சுமி, நான் சொன்ன பொய் அத்தனையையும் ஒன்று விடாமல் கொட்டினேன். நாலு சாத்து சாத்தினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"மொதல்லயே ஒங்ககிட்ட கேட்டிருக்கணும், தங்கச்சி," என்றார். "ஏழு நாளும் ஒண்ணுபோலன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாணியைக் கொடுக்கத்தானே கூடாது? பொழுது சாய என் நாலு மாட்டையும் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கிடங்கை ஒட்டிய புறம்போக்கில் முளை அடித்துக் கட்டினேன். வெள்ளிக்கிழமை விடிய அதுகளாகவே போட்டு வைத்திருந்தன. என் வீட்டுப் படியை எதுவும் தாண்டவில்லை, நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அள்ளிக் கரைத்து நானே ஊற்றினேன். பெத்தம்மாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"லெட்சுமியே நடந்து போயி போட்டா நம்ம என்னட்டி செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டுத் தன் எருமைகளை அவிழ்க்கப் போனாள். ஜெயபாய் வீடு திரும்பிய அடுத்த வாரத் திங்கட்கிழமை, பத்தொன்பது உருப்படியும் அங்கேதான் கட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகு திங்கள் சாயங்காலமும் வியாழன் சாயங்காலமும் மாடு பத்திக்கொண்டு போவது எங்கள் வரிசைக்கு வழக்கமாகிவிட்டது.

குளிர் காலத்தில் கேஸ் எப்படியும் குறையும். அதற்கும் அண்ணாச்சி ஒரு வழி செய்தார். வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே மில் கழிவுப் பஞ்சை முரட்டுக் காடாத் துணியில் திணித்து, தூசி வராமல் இரட்டைத் தையல் போட்ட மெத்தை. உலை நன்றாகக் கொதித்ததும் பானையை இறக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், அரிசி தானாக வெந்துவிடும். பாதி கேஸ் மிச்சம். முதல் நாள் நம்பிக்கை இல்லாமல் பத்துத் தடவை திறந்து பார்த்துச் சோற்றைக் கெடுத்தவள் நான்தான்.

தொண்ணூற்றாறு வாக்கில் எல்லா வீட்டுக்கும் சிலிண்டர் வந்து கிடங்கை மூடினார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தொண்ணூறாம் வருஷம் தை மாதத்து ஒரு காலை. அடுப்பைப் பற்றவைத்தவள், கன்றுக்குட்டி கத்துகிறதே என்று அப்படியே தொழுவத்துக்குப் போய்விட்டேன். அடுப்பின் மேலே ஒன்றுமில்லை, தீ மட்டும் வெறுமனே எரிந்துகொண்டிருக்கிறது. திரும்பி வந்தால் வாசலில் ஜெயபாய் நிற்கிறாள்.

"ஏன்க்கா, எட்டு வீட்டுக்கும் எரிய வேண்டிய கேஸை ஒரு சட்டிகூட வைக்காம தொறந்து போட்டுட்டு நீ பாட்டுக்குக் கன்னுக்குட்டியக் கொஞ்சப் போயிட்டா, அங்கன பெத்தம்மாக்கா வீட்டுல ஒலை கொதிக்காம கெடக்கே அது ஒனக்குத் தெரியலியா, வாயி மட்டும் எட்டு ஊருக்குக் கேக்க மாதிரி வச்சிருக்கியே, கண்ணையும் செத்த தொறந்து வச்சா என்ன?"

என்னை ஒருத்தி வைதுவிட்டு முழுசாகப் போனதுண்டா? பதிலுக்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. ஆரம்பித்ததை முடித்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறாள். நெஞ்சில் கை இல்லை, இழுப்பு இல்லை. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை, அத்தனை கோபம்.

அவளுக்குப் பின்னால் தெருவில், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அண்ணாச்சி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் தன் பெண்டாட்டி சண்டை போட்டு அவர் கேட்டதே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்குகிறது, அவர் துடைக்கவும் இல்லை.

"இன்னும் ரெண்டு வார்த்தை வையிட்டி," என்றேன். "அண்ணாச்சி கேக்கட்டும்."