பெயரை எழுதிவிட்டுப் பாட்டை எழுதிய அல்போன்ஸ் அண்ணர்

வெள்ளவத்தையிலிருந்து அல்போன்ஸ் அண்ணரின் தங்கை திரேசா அக்கா போன் எடுத்தபோது காலை ஏழு மணி இருக்கும். நான் பூசை கண்டுவந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். "பிலோமினா, அண்ணன் போயிட்டார்" என்றார். எழுதும் மேசையில் இருந்தபடியே தலை சாய்ந்துவிட்டதாம். பேனை மூடி இருந்ததாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. சாகும்போதும் பேனையை மூடிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிசன் என்று கோபம்தான் வந்தது.

பன்னிரண்டு வருடமாக நான் அவரோடு கதைக்கவில்லை. ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறேன். அது என்ன என்று பிறகு வரும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று பாடகர் குழுப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததைத் திருத்தவேண்டாம்.

அண்ணரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சந்தியாப்பிள்ளை அல்போன்ஸ் கொழும்புத் துறைமுகத்தில் இலிகிதராக இருந்தவர். எந்தப் பெட்டி கப்பலின் எந்தத் தட்டில் போகவேண்டும், எதற்கு மேல் எதை அடுக்கவேண்டும் என்று எழுதுவது அவருடைய உத்தியோகம். கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலுக்குப் பாட்டுக் கட்டியவரும் அவர்தான். காலை நாலரைக்கு எழும்பி ஆறு மணி வரைக்கும் எழுதுவார். பாட்டு வந்தாலும் இருப்பார், வராவிட்டாலும் இருப்பார். கலியாணம் செய்யவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்தோடுதான் அவர் குடும்பம் நடத்தினார்.

நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் மாமியார் என்னைப் பாடகர் குழுவில் கொண்டுபோய் விட்டார். ஸ்வரம் தெரியுமா என்று அண்ணர் கேட்பார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"வீட்டில ஆரைக் கூப்பிடேக்குள்ள சத்தமாக் கூப்பிடுவீர்?"

"மீன்காரனை" என்றேன்.

"அப்ப கூப்பிடும். அவன் தெரு முனைக்குப் போயிட்டான் எண்டு நினைச்சுக் கூப்பிடும்."

கூப்பிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மட்டையை எடுத்து 'பிலோமினா, இரண்டாம் குரல்' என்று எழுதி, சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டார். அந்த அறையில் ஆளுக்கோர் ஆணி, ஆளுக்கொரு மட்டை. முப்பத்திரண்டு மட்டை தொங்கியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

புதுப் பாட்டு எழுத உட்கார்ந்தால் தாளின் தலையில் முதலில் பெயர்களைத்தான் எழுதுவார். இன்ன ஆள் இன்ன குரல். அதற்குப் பிறகுதான் ராகம், சொல், மற்றதெல்லாம். ஒருமுறை கொள்ளுப்பிட்டியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஒருவர் காரில் வந்து, "மாஸ்டர், யேசுபாலன் பிறப்புக்குப் பொதுவா ஒரு நத்தார்ப் பாட்டுத் தாங்கோ, ஆர் பாடினாலும் சரி" என்று கேட்டார். அண்ணர் சொன்ன மறுமொழி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஆர் பாடினாலும் சரியெண்டால் அதை ஆரும் பாடத் தேவையில்லை." கார் வந்த வழியே போனது.

பிறகு நாட்டில் சண்டை பெருத்தது. சனம் போகத் தொடங்கியது. கனடா, ஜேர்மனி, லண்டன் என்று வீடு வீடாகப் பூட்டினார்கள். யாராவது போய்விட்டால் அண்ணர் ஒரு சொல் திட்டமாட்டார். அந்த ஆளின் மட்டையை ஆணியிலிருந்து எடுத்து, நூலால் கட்டி, மேசையின் கீழ் லாச்சியை இழுத்து உள்ளே வைப்பார். அடுத்த கிழமை அதே பாட்டு இருக்கிற ஆட்களுக்கு அளவாக வெட்டித் தைக்கப்பட்டு வரும். "இருக்கிறவைக்குத்தான் எழுதலாம். போனவைக்கு எழுதினால் அது பாட்டில்லை, கடிதம்" என்பார். கடைசியில் பதினொரு மட்டைதான் தொங்கியது.

அந்தப் பதினொன்றில் ஒன்று என் மகன் ரெஜியுடையது. கீழ்க்குரல். ரெஜிக்குப் பதினாறு வயதில் குரல் உடைந்து இறங்கியபோது அண்ணர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பிலோமினா, உம்மட பிள்ளைக்குக் கடவுள் அத்திவாரம் தந்திருக்கிறார்" என்றார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. மழை என்றாலும் நாலு மணி, ஊரடங்கு எடுத்த மறுநாள் என்றாலும் நாலு மணி. ஒரு சனிக்கிழமை காலையில் நகரத்துக்குள் குண்டு வெடித்தது. மத்தியானம் முழுக்கச் சுற்றிவளைப்பு. எல்லா வீட்டிலும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. ரெஜி கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் வேலை. கடையைப் பூட்டியதும் நேரே பயிற்சிக்கு பஸ் எடுத்திருக்கிறான். 'அண்ணர் நிப்பாட்டமாட்டார், நான் போகாட்டிக் கீழ்க்குரல் இல்லை' என்று கூட வேலை செய்தவனிடம் சொல்லிவிட்டுப் போனானாம். பஸ்ஸிலிருந்து இறங்கினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜீப்பில் ஏற்றினதைக் கண்டவர்களும் இருக்கிறார்கள். அது யாருடைய ஜீப் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு அண்ணர் பயிற்சியை நிறுத்தவில்லை. வந்த மூன்று பேரோடு நாலு மணிக்குத் தொடங்கினார். வரவுப் புத்தகத்தில் என் பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தார். அதை நான் பிறகு பார்த்தேன்.

நான் எத்தனை வாசலில் நின்றேன் என்று இங்கே எழுதவில்லை. அது இந்த மலருக்குரியது அல்ல. ஏழு மாதம் கழித்து, பெரிய வெள்ளிக்கு முன்பு பயிற்சிக்குப் போனேன். ரெஜியின் ஆணியில் 'பீற்றர்' என்று புது மட்டை தொங்கியது.

"அண்ணே, ரெஜியின்ர மட்டை எங்க?"

"கீழ லாச்சியில இருக்கு, பிலோமினா."

"அது போனவையின்ர லாச்சி. என்ர பிள்ளை எங்க போனவன்? சொல்லுங்கோ, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய வெள்ளி வருது. கீழ்க்குரல் இல்லாட்டி மற்ற மூண்டும் விழுந்துபோம்."

"விழட்டும்."

"நீர் காத்திரும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனால் காத்துக்கொண்டிருக்கிற குரலுக்கு நான் எப்பிடி எழுதுறது?"

என்னுடைய மட்டையை நானே ஆணியிலிருந்து எடுத்து அவருடைய மேசையில் போட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. பீற்றர் பாடும்போது நிலத்தைப் பார்ப்பேன். அந்தப் பையனின் முகம் எப்படி என்றே எனக்குத் தெரியாது. அண்ணர் வேலையிலிருந்து நின்று வெள்ளவத்தையில் தங்கையோடு போய் இருந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் வந்து போனார். கண்டால் நான் மற்றப் பக்கத்துக்கு மாறுவேன்.

ஐந்து வருடம் கழித்து ஒரு நாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். சேட்டுப் பையில் மூன்று பேனை, எல்லாம் மூடியபடி. உள்ளே வாருங்கோ என்று நான் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

"நாலரைக்கு எழும்பி இருக்கிறன், பிலோமினா. பெயருகளை எழுதுறன். பிறகு ஒண்டும் வருகுதில்லை. அஞ்சு வருசமாப் பழசைத்தான் வெட்டித் தைக்கிறன்."

நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன்.

"அண்டைக்கு நான் பயிற்சியை நிப்பாட்டியிருக்க வேணும்" என்றார்.

"ஓம்" என்றேன், ஆம் என்று அந்த ஒரே ஒரு சொல். கதவைச் சாத்தினேன்.

அடுத்த நத்தாருக்கு அவருடைய புதுப் பாட்டு வந்தது. அதற்கடுத்த தவக்காலத்துக்கு இன்னொன்று. சொல்லிவிட்டுப் போனவருக்குப் பாட்டு வந்தது. கேட்டுவிட்டு நின்ற எனக்கு ஒன்றும் வரவில்லை. அதுவும் எனக்கு அவர்மேல் ஒரு கோபம்தான்.

செத்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். திரேசா அக்காவின் முகத்துக்காகப் போனேன். வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்டான் ஒரு சின்னப் பொடியன், சிங்களத்தில். "மளகெதரட்ட" என்றேன், செத்த வீட்டுக்கு என்று. "கவுத?" யார் என்றான். என்ன சொல்வது? சொந்தமில்லை. சிநேகிதமும் இல்லை. "அபே அய்யா" என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் அண்ணன்.

அக்கா என்னைக் கண்டதும் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒரே ஒரு மட்டை இருந்தது, அன்றைக்கு நான் போட்டுவிட்டுப் போன என்னுடையது. தன்னுடைய அடக்கத்துக்கு ஒரு பாட்டு எழுதிவைத்திருந்தார். தாளின் தலையில் நாலு பெயர். இரண்டாவது என்னுடையது. நாலாவது பீற்றருடையது. நான் ரெஜியின் பெயரைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் பார்த்தேன். இல்லை.

"ஆறு மாசத்துக்கு முன்னம் எழுதினவர்" என்றார் அக்கா. "பிலோமினா பாடமாட்டா, வேற ஆளைப் போடுங்கோ எண்டு சொன்னனான். 'அவ கொழும்பிலதானே இருக்கிறா' எண்டார்."

எனக்கு ஸ்வரம் வாசிக்கத் தெரியாது. ஒருவர் பாடிக் காட்டித்தான் பிடிப்பேன். பின் முற்றத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது ஒரு பெரிய உருவம் பக்கத்தில் வந்து நின்றது.

"அன்ரி, நான் சொல்லித் தரட்டோ?"

"வேற ஆருமில்லையோ?"

"ஸ்வரம் வாசிக்கிற மற்ற ரெண்டு பேரும் கனடாவில, அன்ரி."

அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். பையன் இல்லை. காதோரம் நரைத்த, பயந்த முகமுள்ள ஒரு மனிசன். என்னுடைய பகுதியை மெல்லப் பாடிக் காட்டினார். மூன்று தரத்தில் பிடித்துவிட்டேன். 'கரை வந்தது, இறக்கி வையும் ஆண்டவரே' என்று ஓர் இடம். அதில் மற்ற இரண்டு குரலும் நின்றுவிடும். இரண்டாம் குரலும் கீழ்க்குரலும் மட்டும்தான். பீற்றர் 'இறக்கி' என்றதற்கு நடுவில் மூச்செடுத்தார்.

"அதில எடுக்காதையும்" என்றேன்.

"எல்லாரும் இப்பிடியான இடத்தில எடுக்கிறவை, அன்ரி. நீட்டு."

"எல்லாரும் இல்லை. ரெஜி ஒருநாளும் சொல்லை உடைச்சு மூச்செடுக்கிறதில்லை. 'வையும்' முடிய எடும்."

அந்தப் பெயரை அந்தக் குழுவில் ஒருவரிடம் நான் சொல்லிப் பன்னிரண்டு வருடம். பீற்றர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி அன்ரி, இன்னொருக்காப் பாப்பம்" என்றார். இன்னொருக்காப் பார்த்தோம். உடைக்காமல் பாடினார். அந்தச் சத்தம் என் தோளுக்குக் கீழே வந்து தாங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தாங்கியது.

சவக்காலைக் கல்லறைகளுக்கு மேல் மழை தூறியது. வாகனங்கள் இருட்டுமுன் சோதனைச் சாவடி தாண்டவேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். நாங்கள் நாலு பேர் குழியோரம் நின்று பாடினோம். மண்வெட்டியோடு நின்றவர் பாட்டு முடியும்வரை மண்ணைத் தொடவில்லை. அந்த இடம் வந்தபோது மற்ற இருவரும் நின்றார்கள். நானும் பீற்றரும் போனோம். சொல் உடையவில்லை.

அல்போன்ஸ் அண்ணே, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். எழுதமாட்டேன். என் பிள்ளை வரும்வரை அது என்னிடமே இருக்கட்டும். நீங்கள் கேட்டது ஒரு குரல். அதை ஒரு சுரம் குறையாமல் கொண்டுவந்து தந்துவிட்டேன். இனி அமைதியாகக் கிடவுங்கோ.