தேளிக்குக் கரண்டு ஏற்றுகிறவர்

அய்யாத்துரை வலது கையை முழங்கை வரை குட்டைக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். திடீரென்று "ஸ்ஸ்... ஆ!" என்று கத்தினார். முகம் கோணி, உடனே மலர்ந்தது. வெளியே வந்த கையில் ஒரு சாண் நீளத் தேளி மீன் நெளிந்தது. பெருவிரலடியில் ரத்தப் பொட்டு.

"போன வருசத்தைவிடக் கூடுதல் வாத்தியாரே! தோள்பட்டை வரைக்கும் ஏறுது."

கரையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற அப்துல் ஜலீலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உத்தமபாளையத்தில் அவர் சயன்ஸ் வாத்தியார். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சின்னமனூர் வரை சைக்கிள் மிதித்து வந்து இந்தக் கண்றாவியைப் பார்க்கிறார். வராமல் இருந்துவிடலாம்தான். ஆனால் பற்றவைத்தவர் அவராயிற்றே.

அய்யாத்துரைக்குத் தொழில் பொலிகாளை வளர்ப்பது. கம்பத்திலிருந்து தேனி வரை பசு வைத்திருப்பவர்கள் அவர் தொழுவத்துக்குத்தான் ஓட்டிவருவார்கள். கன்றுக்குட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் போதும், அதன் பாட்டன் எந்த ஊர்க் காளை என்று சொல்லிவிடுவார். பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளைக்குக்கூட முதலில் காலைத்தான் பார்ப்பார், முகம் அப்புறம்.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, பொழுது போகாமல் மின்சார மீன்களைப் பற்றிச் சொல்லிவைத்தார் ஜலீல். கடலில் ஒரு வகைத் திருக்கை, மிதித்தால் கால் மரத்துப்போகும். அமெரிக்கக் கண்டத்து ஆற்றில் விலாங்கு மாதிரி ஒன்று, குதிரையையே தள்ளாடவைக்கும். சதை என்பது சுருங்கி இழுப்பதற்கு ஆனது. அந்த மீன்களிலோ ஒரு பகுதிச் சதை, எண்ணற்ற தலைமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, இழுக்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் உண்டாக்குகிறது. அதுவும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மீன்களில், தனித்தனியாக.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அய்யாத்துரை ஒரே கேள்விதான் கேட்டார்: "இது தாய்வழி இறங்குதா, தகப்பன்வழி இறங்குதா?"

ஜலீலுக்குத் தெரியவில்லை. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. "தெரியாது" என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த மாதமே கிணற்றடியில் குட்டை வெட்டி, வாய்க்காலில் பிடித்த தேளிகளை விட்டுவிட்டார் அந்த மனிதர். ஒவ்வொரு மழைக்காலமும் குஞ்சு பொரிக்கும். வளர்ந்ததும் ஒவ்வொன்றிடமும் குத்து வாங்கிப் பார்ப்பார். அதிகம் வலிக்கவைப்பது குட்டையில் தங்கும், மற்றது வாய்க்காலுக்குப் போகும். மாட்டுக்குப் பார்ப்பதுபோல, செதிலே இல்லாத மீனின் முதுகில் சுழி தேடிய ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் இவராகத்தான் இருப்பார்.

"அண்ணே, தேளி முள்ளுல இருக்கிறது விசம். கரண்டு இல்ல. அது வேற, இது வேற!" ஜலீல் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தார்.

"கடல்ல தனியா வந்துச்சு, அமெரிக்காவுல தனியா வந்துச்சுனு நீங்கதான சொன்னீக? சின்னமனூர்ல மட்டும் வரக்கூடாதுனு சட்டமா?"

பள்ளிக்கூடத்திலிருந்து மின்சாரத்தை ஊசி அசைந்து காட்டும் கால்வனாமீட்டரைக் கெஞ்சி வாங்கிவந்து, கம்பியை மீன்மேல் வைத்தும் காட்டினார். ஊசி அசையவில்லை. "பொட்டி பழசு," என்று ஒதுக்கிவிட்டார் அய்யாத்துரை. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் கோபம் வேறு வந்துவிடும். "நல்ல இனத்த எதுக்குனு கேட்டா வளக்குறாக?"

இதில் வெந்துகொண்டிருந்தவள் அவர் மனைவி சுருளியம்மாள். கிணற்றை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்கால் அவள் கையால் நட்டு வளர்த்தது. இந்தக் கோடையில் கிணறு மாடு கட்டி ஒரு நாழிகைக் கமலை இறைப்பதற்குமேல் தாங்கவில்லை. அதில் பாதி குட்டைக்குப் போனது. மேற்கு வரிசைக் கொடிகள் மஞ்சள் பூத்துவிட்டன. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் கொடிக்காலே போய்விடும்.

அன்று அய்யாத்துரை குட்டையில் பிடித்த அந்த மீனோடு தொழுவத்துப் பக்கம் போனதும் அவள் ஜலீலிடம் வந்தாள்.

"வாத்தியாரய்யா, கரண்டு வந்துருச்சுனு ஒத்த வார்த்தை சொல்லிருங்க. ஜெயிச்சாச்சுனு இவுக ஓய்ஞ்சிருவாக. எங்கொடிக்கால் பொழைச்சுக்கிரும்."

"பொய் சொல்லச் சொல்றீகளா மதினி?"

"உண்மையச் சொல்லி மூணு வருசமாச்சு. என்னத்தக் கண்டீக?"

சோதனையில் வந்த அளவை மாற்றி எழுதும் பையனுக்கு முட்டை போடுகிறவர் ஜலீல். ஆனால் அந்த மஞ்சள் கொடிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அய்யாத்துரை ஒரு மண்சட்டியில் அந்த மீனைப் போட்டு எடுத்துவந்து நீட்டினார். ஜலீல் வலது கையைச் சட்டிக்குள் விட்டார்.

"யா அல்லா!"

நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கை நெருப்பாய் எரிந்தது. கண்ணில் நீர் முட்ட, "வந்துருச்சுண்ணே," என்றார். "கரண்டேதான்."

சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யாத்துரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை நிழலில் இறக்கி வைத்தார். பிறகு குனிந்து மீனின் அடிவயிற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொட்டை," என்றார் மெல்ல. "கண்டதோட சேத்தா இவ்வளவு தூரம் வந்தது இறங்கிப்போகும். இதுக்குத் தோதா ஒரு ஆணு வேணும் வாத்தியாரே. குட்டைக்குள்ள இருபது கிடக்கு, ஒவ்வொண்ணாப் பாத்துருவோம். ஏய் சுருளி, இன்னும் ரெண்டு சால் தண்ணி இறைக்கச் சொல்லு."

அவர் ஜலீலின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வீங்கத் தொடங்கியிருந்த வலது கையைப் பூப்போல அவர் மடியிலேயே வைத்துவிட்டு, ஜலீலின் இடது கையை எடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, துணி நனைந்துவிடாமல் முழங்கைக்கு மேலே மடித்து மடித்து ஏற்ற ஆரம்பித்தார்.