பெயர் சொன்னால் திறக்கும் கதவு

யோகம் அன்ரி காலமான செய்தி எனக்கு உறவினர் எவரிடமிருந்தும் வரவில்லை. சட்டன் என்ற ஊரில் நான் வளர்ந்த தெருவுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குப்பை வண்டி வரும் நாள், காணாமற்போன பூனை, இவைதான் அதில் வழக்கமாக வரும். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, அன்ரியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எழுதியிருந்தார்: "எங்கள் ஹலோவீன் அம்மா நேற்றுப் போய்விட்டார்." ரயிலில் நின்றபடி வாசித்தேன். நித்திரையிலேயே போனாராம். கொடுத்துவைத்தவர் என்று அம்மா போனில் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

சாண்ட்விச் தொழிற்சாலையில் அவரோடு ஷிப்ட் செய்தவர்களும், கோவிலில் அவரோடு இருந்து பூக்கட்டியவர்களும் இதை வாசிப்பீர்கள். ஹலோவீன் அன்று அவர் தெருவில் நிற்பதையும் கண்டிருப்பீர்கள். அது தொடங்கிய கதையில் என் பிழை ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் வெளியில் சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகும் ஹலோவீன் என்றாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வீடு வீடாய்க் கையேந்தவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்பார். இரண்டு நாள் அழுது சாதித்தேன். "ஒரு வீடுதான். யோகம் அன்ரி வீடு. நான் எங்கட வாசல்ல நிப்பன்," என்று இறங்கி வந்தார். பழைய தலையணை உறை ஒன்றில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி ஒளித்து வைத்திருந்தேன். அன்ரியின் கேற்றைத் தாண்டியதும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

திறந்தவர் என்னைக் கண்டதும் "ஐயோ, தம்பி!" என்று குளறினார். கதவு அறைந்து சாத்தப்பட்டது. வீட்டு லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் ஓடிவந்தேன். என் தலையில் இருந்ததைப் பார்த்த அம்மா அதை இழுத்துக் கழற்றிவிட்டு, படியிலேயே இருந்துவிட்டார். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஆட்களை வரிசையில் விடுவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவர் எதிரே இருப்பார். அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ அந்த ஆள் வீடு திரும்பமாட்டார். தலையாட்டி என்பார்கள். "அவவின்ர தம்பியை அப்பிடித்தான் கொண்டு போனவை," என்றார் அம்மா. "நீதான் போனதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

அதன்பின் அன்ரி யார் தட்டினாலும் கதவு திறக்கவில்லை. தபால்காரர் பார்சலைத் திருப்பிக்கொண்டு போவார். அம்மாகூட முதலில் போன் எடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு மனுசியை வீட்டுக்குள் அடைத்துவிட்டேன் என்ற எண்ணம் ஒரு வருடம் முழுக்க என்னை விடவில்லை.

அடுத்த ஹலோவீன் அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போனேன். தட்டவில்லை. கதவில் கடிதம் போடும் துவாரத்தைத் தள்ளி, "அன்ரி, நான் சுதா. போன வருஷம் தலகாணி உறையோட வந்தது நான்தான்," என்றேன். உள்ளே கதவுச் சங்கிலி கழன்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயெண்டு தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே திறந்திருப்பன், பிள்ளை. முகம் தெரியாததுதான் எனக்குப் பயம்." கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார், "இண்டைக்கும் பிள்ளையள் வருவினமோ?"

"ஓம், அன்ரி."

"முகத்தைக் காட்டிப் பேரைச் சொல்லுவினமெண்டால் வரட்டும். நீயும் கூட நில்."

பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் இனிப்பு இல்லை, பருத்தித்துறை வடைதான் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், நிலைப்படிக்கு அங்கால் ஒருவர் இங்கால் ஒருவர் நின்று எதையும் கொடுப்பது ஆகாது என்பது அவர் நம்பிக்கை. "ஒண்டில் உள்ளுக்கு வரச்சொல்லு, இல்லாட்டி நான் வெளியில வாறன்." தெரியாத வீட்டுக்குள் பிள்ளைகளை அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? அன்ரி செருப்பை மாட்டினார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினார். நான் மொழிபெயர்க்க, ஒவ்வொரு பேயும் முகமூடியைத் தூக்கிப் பெயர் சொன்னது. ஒரு சூனியக்காரி வடையின் உறைப்புத் தாங்காமல் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடி, கொஞ்சத்தில் இன்னொன்றுக்குத் திரும்பி வந்தாள். அன்ரி சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

பிந்திய வருடங்களில் கடைக்குப் போய், கண்ணாடியைப் போட்டு லேபிளை வாசித்து, மாட்டெலும்பில் எடுக்கும் ஜெலட்டின் இல்லாத இனிப்பாகத் தேடி வாங்குவார். அன்று பெயர் சொன்னவர்கள் பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். "பேர் தெரிஞ்ச பேய் கடியாது," என்பார்.

இந்த ஹலோவீனுக்கு வேலையிலிருந்து நேரத்தோடு புறப்பட்டுப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. படிக்கு வெளியே, அவர் நிற்கும் இடத்தில் இனிப்புப் பெட்டியோடு நின்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். கதவுக்குப் பின்னால் இருந்து பயப்படாமல், வெளியே வந்து பெயர் கேட்கும் இடம். எலும்புக்கூடு வேடத்தில் ஒரு சின்னவள் வந்தாள். நான் வாய் திறக்குமுன்னே முகமூடியைத் தூக்கி, "மாயா," என்றாள். பெட்டியை நீட்டினேன். அவள் எடுக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வீட்டில் பெயர் சொல்ல வேண்டும்," என்று ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னாள். "நீங்கள் யார்?"

"சுதா," என்றேன்.

அதன் பிறகுதான் கையை நீட்டினாள்.