வழுக்கைத் தலையர் வாங்கிய சீப்பு

வல்லிபுரத்தின் தலையில் மயிர் என்று சொல்ல ஏதாவது இருந்தால், அது இரண்டு காதுக்கும் மேலே, ஓடிப்போக வழி தெரியாமல் நின்றுவிட்ட நாலைந்துதான். அப்பேர்ப்பட்ட மனிதர், 2010 சித்திரை வருசப் பிறப்புக்கு மூன்று நாள் கிடக்க, அசனாரின் மோட்டார் சைக்கிளை நடு ரோட்டில் மறித்துச் சீப்புக் கேட்டார். ஆண்கள் சட்டைப் பையில் செருகும் சீப்பு அல்ல. பெண்பிள்ளைகள் வாருகிற, பல்லு நெருக்கமான, நீளச் சீப்பு.

அசனார் ஓட்டமாவடியிலிருந்து வாகரை வரைக்கும் காப்பு, மாலை, பவுடர் என்று கட்டிக்கொண்டு வந்து விற்பவர்; ஊருக்கு அவர் 'காக்கா', அண்ணன் முறை. அவரிடம் சாமானை விடச் செய்திதான் அதிகம் விலைப்படும்.

"ஆருக்கு இது, அண்ணன்?"

"எனக்கு."

அசனார் இறங்கி நின்று அவருடைய தலையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதால வாரினா தோல்தான் உரியும்."

"காக்கா, நீங்க சாமானத் தாங்க. என்ட தலைய நான் பாத்துக்கிறன்."

"சரி சரி. சிவப்பா, நீலமா?"

"புதுசா இரிந்தாச் சரி."

அசனார் அடுத்த ஒழுங்கைக்குப் போய்ச் சேரும்போது சங்கதிக்குக் கால் முளைத்திருந்தது. கிணற்றடியை அடைந்தபோது அது பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டது. வல்லிபுரம் கலியாணம் முடிக்கப் போகிறாராம். பெண் யார் என்று வல்லிபுரத்திடம் கேட்கிற தொல்லையை ஊர் எடுக்கவில்லை, அதுவே தீர்மானித்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற சின்னத்தங்கம். புருசன் இல்லாதவள். வல்லிபுரத்தின் செத்துப்போன பெண்சாதிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, ஆகவே மச்சாள் முறை. அதுக்கும் மேலே, முதல்நாள் பின்னேரம் இரண்டு பேரும் வேலியடியில் நின்று வாய்ச்சண்டை பிடித்ததை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளுக்குள் ஒன்றும் இல்லாமலா மனிதர் அப்படிச் சண்டை பிடிப்பார்கள்?

சண்டை பிடித்தது உண்மை. ஆனால் அது கலியாணத்தைப் பற்றியது அல்ல, ஒரு தட்டைப் பற்றியது.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில், வருசம் திரும்பும் வரைக்கும் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறாது. வருசப் பிறப்போ தீபாவளியோ வந்தால் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் சுட்ட பலகாரத்தைத் தட்டில் வைத்து, துணியால் மூடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாயால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. தட்டு வந்தால் அந்த வீட்டில் ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம். வாங்கினால், ஓம், குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

வல்லிபுரம் முன்னொரு முறை வாங்கியிருக்கிறார். சுனாமி அடித்த காலை அவர் வலை காயப்போட்டிருந்தார். பெண்சாதி கேதீஸ்வரி கடற்கரைப் பக்கம் விறகு பொறுக்கப் போனவள். இரண்டாம் நாள், தாழை மரங்களுக்குள் கண்டுபிடித்தார். தன் கையால் மண் போட்டார். நாலு மாதத்தில் சித்திரை வந்தது. வாகரையில் அந்த வருசம் ஒரு வீட்டிலும் தாச்சி ஏறவில்லை. தட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமே. எல்லாரும் வாங்க வேண்டியவர்கள். கேதீஸ்வரியின் மண்டூர்ச் சொந்தங்கள்தான் ஒரு சாக்குப் பலகாரத்தை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். கூடாரத்துக்குள் இருந்து வல்லிபுரமும் மகள் கலாஜினியும் ஆளுக்கொரு முறுக்கைக் கடித்தார்கள். அந்தத் தட்டில் அவருக்கு வழக்கில்லை. செத்தவளை அவர் கண்டவர்.

கலாஜினியின் கதை அப்படியில்லை. இரண்டாயிரத்து ஆறில், தண்ணீர் அள்ளப் போன பிள்ளையை இயக்கம் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனது. பதினெட்டு வயது. பிறகு செல் குண்டடிக்குத் தப்பி ஊரே வாழைச்சேனைக்கு ஓடியபோது, வல்லிபுரம் வலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பிஸ்கட் பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மனிதருக்கு மூளை தட்டிவிட்டது என்று அப்போதே பேசினார்கள். இரண்டாயிரத்து எட்டில் யாரோ ஒருவரின் கையில் அவளுடைய கடிதம் வந்தது. வன்னியில் இருக்கிறாளாம். சுகமாம். 'இஞ்ச பலகாரம் ஒண்டும் இல்லப்பா. சிப்பி கனவில வருது' என்று கடைசியில் ஒரு வரி.

மறு வருசம் வைகாசியில் சண்டை முடிந்தது. வல்லிபுரம் இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய், முகாம் கம்பிவேலிக்கு வெளியே நின்று, ஒட்டியிருந்த பெயர்களையெல்லாம் விரலால் தடவித் தடவிப் படித்தார். இருக்கிறவர்களுடைய பட்டியலில் அவள் இல்லை. இல்லாதவர்களுடைய பட்டியல் என்று ஒன்றை யாரும் ஒட்டவில்லை. அவருக்கு அது ஒன்றுதான் பிடி.

இப்படி இருக்கையில்தான் சின்னத்தங்கம் வேலியடிக்கு வந்தாள்.

"மச்சான், வருசத்துக்கு நீங்க மினைக்கெடத் தேவல்ல. நான் ஒரு தட்டு கொண்டந்து தாறன்."

"ஏன்?"

"ஏனெண்டா... ஊர் வழக்கந்தானே."

"என்ட வீட்டில ஆருகா செத்தது?"

சின்னத்தங்கம் வேலியில் ஒரு ஓலையை நுள்ளினாள். "கந்தப்போடியாரும் சொன்னார். வாற மாசம் வருசம் ஒண்டாகுதாம். ஒரு கிரியயச் செஞ்சு முடிச்சா புள்ளைக்கும் நல்லம், உங்களுக்கும்..."

"கந்தப்போடியாருக்கு ஆர் சொன்னது? என்ட மகள் வந்து சொன்னவளா?"

"கோவிக்காதிங்க மச்சான்."

"தட்டுக் கொண்டந்தா ஆத்துக்குள்ள எறிவன். நான் தாச்சி வைக்கப் போறன்."

"நீங்களா?" அவளால் அடக்க முடியவில்லை. "நீங்க மிளகாய் பொரிச்சாலே பாலத்தடியில இரிக்கிற ஆமிக்காரனும் தும்முறான்!"

"தும்மட்டும். அவனுக்கும் ஒரு தட்டுக் குடுப்பன்."

கோபத்தில் சொன்ன சொல் வல்லிபுரத்தைப் பிடித்துக்கொண்டது. வீராப்பாய்ச் சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், என்ன சுடுவது? முறுக்குக்கு உரல் வேண்டும். கேதீஸ்வரியின் உரலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அரியதரத்துக்கு மாவின் பதம் தெரியாது. கடைசியில் மகளின் கடிதமே வழி சொன்னது. சிப்பி. கோதுமை மாவைக் குழைத்து, சின்னச் சின்னதாய்க் கிள்ளி, சீப்பில் வைத்து அமர்த்தி உருட்டினால் கடற்கரைச் சிப்பிபோல வரி விழும். பொரித்துச் சீனிப் பாகில் போட்டால் சரி. அவர் பார்த்திருக்கிறார். கேதீஸ்வரி உருட்ட, கலாஜினி பச்சை மாவைக் களவாய்த் தின்று அடி வாங்குவாள்.

சீப்பு அவரிடம் ஒன்று இருந்தது. வலையை விட்டுவிட்டுத் தூக்கி ஓடிய அந்தப் பிஸ்கட் பேணிக்குள் ஒரு பச்சைச் சீப்பு. அதன் பல்லுக்குள் மூன்று நீள மயிர். மாவு உருட்ட வேண்டுமென்றால் கழுவ வேண்டும். வல்லிபுரம் பேணியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். அதற்குப் பிறகுதான் அசனாரை மறித்தது.

வருசத்துக்கு முதல்நாள் காலையில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுக் குசினியின் யன்னலையும் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டினார். எண்ணெய் மணம் ரோட்டுக்குப் போக வேண்டும். வேலையில் பாதி அதுதான்.

மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். கை என்னவோ பழகிய கைதான். முப்பது வருசமாய் வீச்சு வலைக்கு ஈயம் உருட்டிக் கோத்த கை. ஆகவே கிள்ளிய மாவெல்லாம் வலையின் ஈயக் கட்டி அளவிலேயே விழுந்தது. சீப்பில் அமர்த்தினால் ஒட்டியது, இழுத்தால் கிழிந்தது. முப்பதாவதோ நாற்பதாவதோதான் ஒழுங்காய் வரி விழுந்து சுருண்டது. அதை உள்ளங்கையில் வைத்து, காட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்குமா என்று திரும்பினார். வாசலில் ஒரு கோழி நின்றது.

"பாத்தயா?" என்றார்.

கோழி போய்விட்டது.

முதல் சிப்பியைப் பிள்ளையாருக்கென்று அடுப்பு மேட்டில் வைத்தார். மீதியைப் பொரித்தார். சில கறுத்தன, சில வெடித்து நெற்றியில் எண்ணெய் தெறித்தது. சீனிப் பாகில் போட்டு எடுத்தபோது, மத்தியானம் ஒரு சுளகு நிறையச் சிப்பி சேர்ந்தது. கேதீஸ்வரி இருந்தால் சுளகோடு ஆட்டுக்கு வைத்திருப்பாள். ஆடு என்ன செய்திருக்கும் என்று சொல்ல முடியாது.

தாச்சி வைத்தால் மட்டும் போதாது. வைத்த வீடு, நாலு வீட்டுக்குத் தட்டுக் கொடுக்க வேண்டும். செத்த வீட்டுப் பலகாரத்தை ஒருவரும் தொட மாட்டார்கள். ஆகவே அவருடைய சிப்பியை ஒருவர் வாங்கித் தின்றால், ஒருவராவது தின்றால், கலாஜினி இருக்கிறாள். அவர் கணக்கு இவ்வளவுதான்.

வருசத்தன்று மூலிகை மருத்துநீர் வைத்து முழுகி, வேட்டி கட்டி, தட்டும் கையுமாய் இறங்கினார். பெண்கள் கொண்டுபோகிற தட்டை ஒரு ஆண், அதுவும் துணியால் மூடி, மாப்பிள்ளை கூறைத்தட்டுக் கொண்டுபோகிற பக்குவத்தில் கொண்டுபோனால் ஊர் சும்மா இருக்குமா? வேலிகளுக்கெல்லாம் கண் முளைத்தது.

முதலில் கந்தப்போடி வீடு. கோயில் காரியம் பார்க்கிற வண்ணக்கர், ஊரில் பெரிய மனிதர். அவர் தொட்டால் ஊரே தொடும்.

"வா வல்லிபுரம்," என்று கதிரையைக் காட்டினார் கந்தப்போடி. தட்டைக் கண்டதும் முகம் மாறியது. "எனக்குச் சீனி வருத்தமெல்லா. டாக்குத்தர் இனிப்பைக் கண்ணாலயும் பாக்கப்படாதெண்டிட்டார்."

மீசையில் அரியதரத்துச் சீனி வெள்ளையாய் ஒட்டியிருந்தது. வல்லிபுரம் அந்த மீசையையே பார்த்தார்.

"அப்ப போடியார், அக்காவுக்கு..."

பெண்சாதி அன்னப்பிள்ளை வந்தாள். முகம் கொடுக்காமல் தட்டை வாங்கி உள்ளே போனாள்; போன கையோடு திரும்பி வந்தாள். தட்டுக் கழுவித் துடைத்திருந்தது. வெறுமையாய் இருந்தது. வருசத் தட்டை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அந்த ஊரில் இல்லை. ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சீனி, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு வெற்றிலையாவது வைப்பார்கள். பின்வளவில் கோழிகள் எதையோ கொத்தி அடிபடுகிற சத்தம் கேட்டது.

"போயிற்று வாறன்," என்றார் வல்லிபுரம்.

"மனச விட்டிராத," என்றார் கந்தப்போடி. பொல்லாத மனிதர் அல்ல. ஆனால் அந்தச் சொல்லும் செத்த வீட்டுக்குச் சொல்கிற சொல்தான்.

வீட்டுக்குத் திரும்பி, சுளகிலிருந்து தட்டை மறுபடி நிரப்பி மூடிக்கொண்டு இறங்கினார். அடுத்த வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்களாம். கதவுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. அதற்கடுத்த வீட்டுப்படியில் அவர் ஏறவில்லை.

சின்னத்தங்கத்தின் வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு தட்டு, வெள்ளைத் துணியால் மூடித் தயாராய் இருந்தது. யாருக்கென்று கேட்கத் தேவையில்லை. இவர் கையிலும் தட்டு, மேசையிலும் தட்டு.

"கந்தப்போடியார் எடுத்தவரா?"

"கோழி எடுத்திச்சு."

சின்னத்தங்கம் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "மச்சான், என்ட மனுசனத் தொண்ணூறில பிடிச்சுக்கொண்டு போனாங்க. தெரியுந்தானே. அடுத்த வருசப் பிறப்புக்கு உந்த அன்னப்பிள்ளையக்கா ஒரு தட்டுக் கொண்டந்தா. பயத்தம் பணியாரம். நல்ல ருசி." மேசையில் இருந்த தட்டின் துணியை இழுத்து நேராக்கினாள். "நான் வாங்கினன். கொண்டுபோன அண்டைக்கு இவர் சாகல்ல மச்சான். நான் தட்டு வாங்கின அண்டைக்குத்தான் செத்தவர்."

வல்லிபுரம் தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்.

"எனக்கும் அப்ப கோவம் வந்திரிந்தா..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. எழுந்து, அவர் கைத்தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டுக் கடித்தாள்.

டக்கென்று ஒரு சத்தம்.

"பல்லா?" என்று பதறினார் வல்லிபுரம்.

"தெரியா. ஒண்டு பல்லு, இல்லாட்டிச் சிப்பி." ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி, ஊறவைத்து, கண்ணில் தண்ணீர் வரக் கடித்து விழுங்கினாள். "மச்சான், இதக் கோத்துக் கட்டினா வலை நல்லாத் தாழும். என்னத்தில குழைச்சயள்?"

"தண்ணியில."

"ஐயோ! தண்ணியிலயா? தேங்காய்ப்பால்லெல்லா குழைக்கிற. தலைப்பால்ல." இன்னொன்றை எடுத்தாள். அதையும் தின்றாள். மிச்சத்தைத் தன் வீட்டுச் சுளகில் கொட்டினாள், ஒன்று விடாமல். மேசையில் இருந்த தட்டைத் துணியோடு தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வரும்போது ஒரு தேங்காய். வல்லிபுரத்தின் வெறுந்தட்டில் அதை வைத்தாள்.

"அடுத்த வருசம் பால் புழிஞ்சு குழைங்க."

"அடுத்த வருசம் அவள் வந்திருவாள்."

"வந்தா அவள் குழைக்கட்டும்," என்றாள் சின்னத்தங்கம். "வராட்டி நீங்க குழைங்க. நான் தின்னுவன். பல்லு இரிக்கிறவரைக்கும்."

தேங்காய்த் தட்டை ஏந்தியபடி வல்லிபுரம் ரோட்டில் நடந்தார். மச்சாள் கையால் தேங்காய் வாங்கி வருகிற மொட்டைத் தலையரைக் கண்டு, இனி முகூர்த்த நாள்தான் பாக்கி என்று ஊர் முடிவு கட்டியது. அவர் காதிலும் விழுந்தது. மறுக்கவில்லை, பேசட்டும். இழவு வீட்டைப் பற்றி யாரும் கலியாணக் கதை கதைப்பதில்லையே.

வீட்டுக்கு வந்து தேங்காயை அடுப்படியில் வைத்தார். சுளகில் இன்னும் அரைவாசிச் சிப்பி கிடந்தது. ஒன்றை வாயில் போட்டு ஊறவைத்தார். பக்கத்து வளவில் பிள்ளைகள் வெடி கொளுத்திக் கத்தினார்கள். காட்டிச் சிரிக்க ஆள் ஒருவரும் இல்லை. கோழியும் அன்றைக்கு வரவில்லை.

புதுச் சீப்பின் பல்லுக்குள் மாவு காய்ந்து இறுகியிருந்தது. வலை ஊசியை எடுத்து வாசலில் குந்தி, ஒவ்வொரு பல்லாய் நோண்டத் தொடங்கினார். கலாஜினிக்கு அழுக்குச் சீப்பென்றால் பிடிக்காது.